தோட்டத்துக்காரருக்கு நம்மூட்டுத் தண்ணி

ஏனுங்க,

ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கெளம்பிட்டனுங்க. அரிசிம்பருப்பு குக்கர்ல இருக்குது, நெய் விட்டுச் சாப்பிடுங்க.

எங்கப்பன் வேலை செஞ்ச தோட்டத்துக்காரர் மதுக்கரையிலிருந்து மத்தியானம் வாராருங்க, மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்க. நேத்து நீங்க கத்துன மாதிரி வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிராதீங்க. அவங்க ஊட்ல எங்கப்பனுக்குக் கொட்டாங்குச்சியிலதான் தண்ணி ஊத்துனாங்க. அது எனக்கும் மறக்கலீங்க. வாங்கிக் குடிச்சது எங்கப்பன், நீங்க இல்ல.

போன தடவ அவர் வந்தப்போ கடையில கலர் சோடா வாங்கி, மூடியத் தொறக்காமக் குடுத்தோம். கலர்தான் வேணும்னு அவர் கேக்கவேயில்ல. நாமளேதான் ஒதுங்கிக்கிட்டோம். இன்னிக்குக் கலர் வேண்டாம். சேர்ல உக்கார வெச்சு, போதகருக்குக் குடுக்கற சில்வர் டம்ளர்ல நம்ம பானைத் தண்ணி குடுங்க. அந்நியரை உபசரிங்கன்னு ஞாயித்துக்கெழம போதகர் சொன்னப்போ சர்ச்சே திரும்பிப் பாக்கற மாதிரி ஆமென் சொன்னது நீங்கதானுங்க.

மெர்சி

முறுக்கு மேல் டப்பாவுல இருக்குது. தட்டுல வெச்சுக் குடுங்க.

இன்னொண்ணு. அவர் குடிக்காமப் போனாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க. அந்தத் தண்ணியக் கீழ மட்டும் ஊத்திராதீங்க, நான் வந்து குடிச்சுக்கறேன்.