பூட்டிப்போட்டுப் போன கேம்

உன் கம்ப்யூட்டரைப் போட்டதும் மஞ்சள் வாடை அடித்தது. ஈரோட்டில் உன் வீட்டுக்காரருடைய மஞ்சள் மண்டியின் முன்னறையில் அத்தனை வருஷம் கிடந்ததல்லவா, உள்ளே ஃபேனெல்லாம் மஞ்சள் தூள். போன வாரம் அவரே கோவைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்க கூட்டத்துக்குப் பிரயோசனப்படட்டுங்க அம்மணி" என்றார். டீ கூடக் குடிக்கவில்லை. அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். திரையில் உன் கேம் தெரிந்தது, தொட்டால் பாஸ்வேர்டு கேட்டது. எனக்கு வந்தது கோபம்தான்.

நம் கூட்டத்தைச் சேர்த்துவைத்தது கேம் செய்கிற ஒரு பழைய மென்பொருள். செய்த கம்பெனியே அதைக் கைகழுவி எவ்வளவோ காலமாயிற்று. இன்னும் இதை எதுக்குங்க கட்டி அழறீங்க என்று கேட்காத ஆளில்லை. கட்டித்தான் அழுதோம். நீ, பம்ப் கம்பெனியில் பில் போடுகிற நான், காரமடை நர்ஸ் பிள்ளை, பல்லடத்துத் தறிக்கார அண்ணன், இன்னும் எங்கெங்கோ இருந்து வருகிறவர்கள். தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் அண்ணனின் தறிக்குடோனில் கூடுவோம். நூல் மூட்டை மேல் கம்ப்யூட்டர், கையில் தட்டுவடை.

அங்கே ஒரு சட்டம் உண்டு. நீ போட்ட சட்டம். கூட்டத்தை விட்டு யார் போனாலும் பாதியில் நிற்கிற தன் கேமின் பூட்டைத் திறந்துகொடுத்துவிட்டுப் போக வேண்டும், இருக்கிறவர்கள் அதை முடித்துவைப்போம். தறித்தொழிலில் அடிவாங்கி அண்ணன் ஒதுங்கினபோது அவர் வீட்டு வாசலிலேயே போய் நின்றாய். "ஏனுங்ணா, சாவியக் குடுத்துப்போட்டு எங்க வேணாப் போங்க. அரைகுறைய அநாதையா உடக்கூடாது." அந்த மனுசன் சிரித்துவிட்டுக் கூட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டார்.

ஊருக்கெல்லாம் சொன்னாயே, நீ என்ன செய்தாய்?

கம்ப்யூட்டரில் புதிதாக ஏதாவது அப்டேட் வந்தால் நம் மென்பொருள் திறக்காது. அதற்கு நீதான் மருந்தாக ஒரு குட்டிப் புரோகிராம் எழுதி எல்லாருக்கும் அனுப்புவாய். எப்படி என்று கேட்டால், "நானிருக்கறப்ப உனக்கென்ன கண்ணு கவல" என்பாய். சாப்பாட்டுப் பந்தியில் கரண்டியைக் கையை விட்டுக் கொடுக்காத ஆள் மாதிரி. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் வராமல் போனாய். கேட்டால் மெசேஜ் வரும், "கொஞ்சம் காச்சல் கண்ணு, அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன்." அதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதினாய் என்பது உன் காரியத்தன்று உன் வீட்டுக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். என்னிடம் சொல்ல உனக்கு என்னடி கேடு? நான் பஸ் ஏறி வந்திருக்க மாட்டேனா?

நீ போன பிறகு வந்த அப்டேட்டில் யாருக்கும் மென்பொருள் திறக்கவில்லை. ஒவ்வொருத்தராகக் கழன்றார்கள். கடைசியில் குடோனில் மூன்றே பேர். அண்ணனும் நர்ஸ் பிள்ளையும் நானும் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு மருந்து கண்டுபிடித்தோம். உன்னுடையது மாதிரி நறுவிசாக இல்லை. முக்கி முனகித்தான் திறக்கிறது. ஆனால் திறக்கிறது. எப்படிச் செய்தோம் என்பதைக் கேட்டவருக்கெல்லாம் உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தோம். நாளைக்கு நான் செத்தாலும் கூட்டம் நிற்காது. போனவர்களில் பாதிப்பேர் திரும்பிவிட்டார்கள்.

அந்த வேலையிலேயே உன் பூட்டை எப்படி உடைப்பது என்பதும் பிடிபட்டுவிட்டது. அண்ணன்தான் தயங்குகிறார். "செத்தவிய பூட்டி வெச்சதுங்க அம்மணி, அத ஒடைக்கறதா?" சட்டம் யார் போட்டதுங்ணா என்று கேட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உடைக்கிறோம்.

கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு ஊருக்கு நடக்கிற பெண்ணின் கதைதான் உன் கேம். அவள் வீடு போய்ச் சேரக்கூடாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பாய் நீ. அவளுக்குக் கால் வலிக்காதா என்பேன் நான். எத்தனை சண்டை போட்டிருக்கிறோம் அதற்கு. ஒரு சண்டையும் முடியவில்லை, எல்லாம் இன்னும் என் நெஞ்சில்தான் கிடக்கிறது.

அவளை நான் வீடு சேர்க்கப்போகிறேன். கதவைத் திறக்க ஆளும், குடிக்கச் சுடுதண்ணியும் வைக்கப்போகிறேன். உனக்குப் பிடிக்காது, தெரியும். பிடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்து சண்டை போடு. வாரேன்னு சொன்னவள்தானே நீ.