விரலைச் சப்பும் கன்று

மகளுக்கு,

நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். தொந்தரவு என்றால் பொறுத்துக்கொள்.

இன்று பால் சங்கத்தில் மாடு வளர்ப்பவர்களுக்குக் கன்று நல வகுப்பு எடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிடுகிறார்கள். நான் சொல்வது யார் காதிலாவது ஏறுகிறதா என்றுதான் தெரியவில்லை. சோர்ந்து கிடக்கும் கன்றின் வாயில் விரலை வையுங்கள், சப்பினால் தெம்பு இருக்கிறது என்று செய்து காட்டினேன்.

"எங்க வீட்டுக்காரர் வாயில வெச்சா விரலே மிஞ்சாது சார்!" என்றார் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

பிறகு அவரே கேட்டார்: "சப்பலைன்னா என்ன சார் பண்றது?"

"நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. உடனே ஆளக் கூப்பிடுங்க."

வீட்டுக்கு வந்து உன் அம்மாவுக்குக் கரண்டியில் தண்ணீர் கொடுத்தேன். உதட்டோரம் வழிந்துவிட்டது. துடைத்தேன். பழக்கதோஷம், என் விரலை அவள் உதட்டில் வைத்துப் பார்த்தேன். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன், உதடு அசையவில்லை. டாக்டர் வந்தார். ஊசி எதுவும் போடவில்லை.

அம்மா கூப்பிட்டால்தான் இந்த வீட்டுக்கு வருவேன் என்று சொல்லிப் போனாய். நேற்றிலிருந்து அவளுக்குப் பேச்சில்லை. வகுப்பில் சொன்னதை நானாவது கேட்க வேண்டாமா?

இதைக் கொண்டுவருபவர் சங்கத்துப் பால் வண்டி ஓட்டுநர், நல்ல மனிதர். உன் வாசலில் காத்திருந்து கூட்டிவருவதாகச் சொன்னார்.

அம்மாவின் கட்டிலை முன்னறையில் போட்டிருக்கிறேன். நீ வந்ததும் நான் கொட்டகைப் பக்கம் போய்விடுகிறேன். என்னோடு பேச வேண்டியதில்லை.

அப்பா