என் பெயரில் விழுந்த கமிட்டுகள்

ஏப்ரல் 22, செவ்வாய்

மேலாளர் வெப்யோர்ன் இன்று பெரிய திரையில் பட்டியலைப் போட்டார். மூன்று மாதத்தில் யார் எத்தனை கமிட், அதாவது நிரலில் எழுதிப் பதிந்த மாற்றம், என்று. ஆறு பேரில் நான் முதல்: 214. டோர்கெய்ர் கடைசி: 19. எங்கள் ட்ரோன்ட்ஹெய்ம் கிளைக் குழுவில் ஒருவரைக் குறைக்க வேண்டுமாம். இதைப் பார்த்துத்தான் முடிவாம். எல்லோரும் எனக்குக் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டவள்.

ஏப்ரல் 23

எழுதியாவது வைக்கிறேன். ஜனவரியில் பனிச்சறுக்கில் விழுந்து என் மணிக்கட்டு முறிந்தது. எட்டு வாரம் டோர்கெய்ர் தன் வேலையைப் போட்டுவிட்டு என் கணினி முன்னால் உட்கார்ந்து நிரல் எழுதினார். நான் சொல்லச் சொல்லத் தட்டினார், அவ்வளவுதான் — பொய். பாதிக்கு மேல் யோசனையே அவருடையது. என் கணினியில் பதிந்தால் என் பெயர்தான் விழும். அப்போது யார் எண்ணினார்கள்?

ஏப்ரல் 25, வெள்ளி

வெள்ளிக்கிழமைதோறும் அலுவலகத்தில் யாராவது வாஃபிள் சுட வேண்டும். இந்த வாரம் டோர்கெய்ர். பழுப்புச் சீஸைச் சீவி வைத்து முதல் தட்டை எனக்குத்தான் நீட்டினார். பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் வாய் திறக்கிறேனா என்று பார்க்கிறாரா? அவர் மேலேயே கோபம் வருகிறது. இதென்ன நியாயம்.

ஏப்ரல் 28

இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 29

டோர்கெய்ருக்குக் கடிதம் வந்துவிட்டது. வேலையிலிருந்து நீக்குவது பற்றிப் பேச அழைப்பு. ஐம்பத்தெட்டு வயசு மனுஷன், எங்கே போய் வேலை தேடுவார்? நேராக வெப்யோர்ன் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அப்போ இந்த 214-ல உன்னுது எத்தனை?"

"எண்பது இருக்கும்."

"இருக்குமா?"

"அறுபது."

மே 2

பட்டியல் மாறியது. டோர்கெய்ர் முதல், நான் கடைசி. கடிதமும் எனக்கு மாறியது. கை முறிந்திருந்ததே என்றேன். எண்ணிக்கையில் அதற்கு இடமில்லையாம்.

டோர்கெய்ரிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஒரு வாரம் நல்லாத்தான் காக்க வச்சே," என்றார். சிரிக்கவில்லை. ஆக, நான் வாய் திறக்கிறேனா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மே 6

பத்து மணிக்குப் பேச்சு. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று கடிதத்தில் இருந்தது. யாரையும் கேட்கவில்லை — என்ன முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? ஒன்பதரைக்கு டோர்கெய்ர் கோட்டுப் போட்டுக்கொண்டு என் மேசையருகே வந்து நின்றார்.

"எழுந்திரு. அந்த எட்டு வாரத்துல எது எது உன் யோசனைன்னு எனக்குத்தானே தெரியும்."