ஆறு வருடத்துக்கு ஒரு வரி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீ நலமா என்று கேட்டால் போன தடவை மாதிரி இரண்டு வரியில் பதில் போட்டுவிடாதே.

அப்பா போய் நான்கு மாதமாகிறது. அவரைப் பார்த்துக்கொண்டு ஆறு வருடம் வீட்டோடு இருந்துவிட்டேன், இனி வேலைக்குப் போகத்தான் வேண்டும். பக்கத்துத் தெரு மருத்துவமனையில் நோயாளிகளைப் பதிவு செய்யும் மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள். என் பயோடேட்டாவை இத்துடன் வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ஊரார் விண்ணப்பங்களைச் சலித்தெடுப்பவள் நீ. தங்கையுடையதையும் கொஞ்சம் பார். மூன்று பக்கம் வந்துவிட்டது. திட்டாதே.

உன் வாலு

மார்ச் 15

அன்பு வாலுவுக்கு,

திட்டாமல் எப்படி இருப்பது? மூன்று பக்கத்தை யார் படிப்பார்கள்? எங்கள் அலுவலகத்தில் ஒரு ஆளுக்கு அரை நிமிடம்தான். ஒரே பக்கமாக்கி அனுப்பியிருக்கிறேன். டிராவல்ஸில் நீ வேலை பார்த்த எட்டு வருடம் மேலே வந்துவிட்டது. ‘கடின உழைப்பாளி’யை எடுத்துவிட்டேன், சோம்பேறிகளும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தது, மாத்திரை நேரம் குறித்தது, மருத்துவமனைப் படிவங்களோடு அலைந்தது எல்லாம் வேண்டாம். ‘குடும்பச் சூழல்’ என்று ஒரு வரி போதும். வீட்டில் செய்ததை யாரும் அனுபவமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நேர்காணல் முடிந்தது. கேள்வி கேட்ட அம்மாள் தாளைப் பார்த்துவிட்டு, “ஆறு வருஷம் சும்மாவா இருந்தீங்க?” என்றார். குடும்பச் சூழல் என்றேன். “குடும்பம் எல்லாருக்கும்தாம்மா இருக்கு” என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்தால், பக்கவாதம் வந்த கணவரோடு ஒருத்தி படிவம் புரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள். நான்தான் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தேன். அந்த மேசையின் வேலையே அதுதான்.

உன்மேல் கோபம்தான், மறைக்கவில்லை. இன்னொரு மருத்துவமனையிலும் ஆள் கேட்டிருக்கிறார்கள். பழைய மூன்று பக்கத்தையே கொடுக்கப் போகிறேன்.

தங்கை

ஏப்ரல் 11

வாலு,

நீ கோபப்பட்டது நியாயம்தான். ஒரு பக்கமாகவே கொடு, ஆனால் அந்த ஆறு வருடத்தை எல்லாவற்றுக்கும் மேலே போடு.

நானே எழுதி அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீ அனுப்பிய மூன்று பக்கத்தை, ஒரு பக்கமாக்கிய அன்றே கிழித்துப் போட்டுவிட்டேன். ‘பக்கவாத நோயாளியை ஆறு வருடம் கவனித்தது’ என்று எழுதினேன். அதற்குமேல் ஒன்றும் ஓடவில்லை. அப்பா என்ன மாத்திரை சாப்பிட்டார், எந்த டாக்டர் பார்த்தார், கடைசி நாட்களில் பேச முடிந்ததா, எனக்கு எதுவுமே தெரியவில்லை.

அந்த ஆறு வருடத்தில் மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனேன். நீ எழுதியதைப் படிக்கப் படிக்க என்னால் தாங்க முடியவில்லை. நீளம் என்று சாக்குச் சொல்லி வெட்டிவிட்டேன். மன்னித்துக்கொள்.

அந்த மூன்று பக்கத்தையும் எனக்கு மறுபடி அனுப்பு. பேனாவைத் தொட மாட்டேன். அப்பா எப்படி இருந்தார் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்கா