கப்பலுக்குக் கட்டிய பெட்டி

டிச. 3, புதன்

காலை 6.10. மேகமூட்டம். மேற்கே மலை தெரியவில்லை. பி.பி. மாத்திரை போட்டாயிற்று.

மீனா பெங்களூரிலிருந்து பட்டியல் அனுப்பிவிட்டாள். கொச்சியில் கப்பல் ஏறி லட்சத்தீவு, ஐந்து நாள். எங்கள் கல்யாண நாளுக்கு மகளும் மருமகனும் செய்கிற மரியாதை. அவர்கள் கொச்சியில் சேர்ந்துகொள்வார்கள். எங்களுக்குப் பத்தாம் தேதி செங்கோட்டையில் ரயில். கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். யார் கேட்டார்கள்.

பட்டியல்:
மெல்லிய பருத்திச் சட்டை 5
அரைக்கால் டவுசர் 2 (எனக்காம்)
தொப்பி, கறுப்புக் கண்ணாடி
வெயிலுக்குப் பூசும் கிரீம்
தண்ணீரில் போடும் செருப்பு
நீச்சல் உடை
வாந்தி மாத்திரை
ஆதார் அட்டை

செண்பகம் இதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, கீழே தன் பங்குக்குச் சேர்த்திருக்கிறாள். இட்லிப் பொடி, நார்த்தங்காய், முந்திரிக்கொத்து, திருநீறு. சாப்பாடு கப்பலிலேயே உண்டு என்றேன்.

“அவன் என்னத்தப் போடுவானோ. நமக்குன்னு ஒண்ணு இருக்கணும்லா.”

கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷத்தில் இவள் கேட்ட ஊர் ஒன்றுக்கும் கூட்டிப்போனதில்லை. சீசன் வந்தால் ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்குக் குளிக்க வரும், எனக்கு அருவிக்கரையில் பந்தோபஸ்து. சீசன் முடிந்தால் திருவிழா, தேர்தல். இப்போது தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். பால்காரர்கூடக் கேட்கிறார், “அண்ணாச்சி, கப்பல் எப்ப?”

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். இதை எழுதுவது இதுதான் முதல் தடவை. நீச்சல் தெரியாது. போலீஸில் சேரும்போது யாரும் கேட்கவில்லை, தப்பித்தேன்.

டிச. 4, வியாழன்

தூறல். டாக்டரிடம் போனேன். படபடப்பு, தலைசுற்றல், காது அடைப்பு, எல்லாம் சொன்னேன். ஒன்றிரண்டு கூடுதலாகவே சொன்னேன். கையில் பட்டை சுற்றிப் பார்த்தார். 130/80.

“இந்த வயசுக்கு நல்லாவே இருக்கிய சார். தாராளமா போயிட்டு வாங்க. கடல் காத்து நல்லதுதான்.”

ஃபீஸ் வாங்கவில்லை, பழைய மரியாதை. அதுவும் எரிச்சல்.

அங்கிருந்து ரத வீதித் துணிக்கடை, அரைக்கால் டவுசர் எடுக்க. கடைக்காரர்: “அண்ணாச்சி, இப்பப் பெரியாட்கள்லாம் இதத்தான் போடுதாவ. பூப்போட்டது காட்டவா?” செண்பகம் சிரித்த சிரிப்பு. நாலு பேர் நிற்கிற இடத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இரண்டு எடுத்தோம். ஒன்றில் அன்னாசிப்பழம்.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். முட்டி இரண்டும் வேறு யாருடையதோ போல இருக்கின்றன. அவள் சந்தோஷம் நாளுக்கு நாள் ஏறுகிறது. வரவில்லை என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். ஒன்றும் அகப்படவில்லை.

டிச. 6, சனி

வெயில். கத்தரிக்காய் வாங்க என்று சொல்லிவிட்டுப் பாவூர்சத்திரம் சந்தை. டெம்போ நிற்கிற இடத்துப் பஞ்சர் கடையில் பழைய கார் டியூப் ஒன்று வாங்கினேன்.

“கிணத்துல நீச்சல் பழக்கவா?” என்றார் கடைக்காரர்.

“ஆமா. பேரனுக்கு.”

எனக்குப் பேரன் கிடையாது. வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவன் பொய்யைப் பிடித்தவன் நான். பஸ் ஏறிய பிறகுதான் கத்தரிக்காய் ஞாபகம். இறங்கிப் போய் வாங்கினேன். பாதி சொத்தை. அதற்கும் பேச்சு வாங்கினேன்.

டியூபில் காற்றை இறக்கி, மடித்து, என் பெட்டியின் அடியில் வேட்டிகளுக்குக் கீழே வைத்தாயிற்று. ரப்பர் வாடைக்கு நாலு பாச்சை உருண்டை. எதைக் கொண்டு காற்றடிப்பது என்று இப்போதுதான் யோசிக்கிறேன். கப்பலில் பஞ்சர் கடை இருக்காது.

டிச. 7, ஞாயிறு

மேகம். மீனா வீடியோ காலில். சேலையா சுடிதாரா என்று அம்மாவும் மகளும் அரை மணி நேரம். நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஜன்னல் இல்லாத அறை கிடைக்குமா?

“கடல் தெரியுத ரூமாத்தான் கேட்டு வாங்கியிருக்கேம்பா. கட்டில்ல படுத்தா தண்ணிதான் தெரியும்.”

இன்னொன்றும் சொன்னாள். ஏறியவுடன் சங்கு ஊதுவார்களாம். எல்லாரும் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு ஓரிடத்தில் வரிசையாக நிற்க வேண்டுமாம். சும்மா ஒத்திகைதானாம். “உங்களுக்கு இதெல்லாம் பழக்கந்தானப்பா.”

அங்கே என் கால்கள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கடலைவிட அதுதான் பயம். பக்கத்தில் செண்பகம் நிற்பாள்.

பதினாறு வருஷம் முன்னால், சீசன், மத்தியானம். மெயின் அருவிக்கு எதிரே எனக்கு டியூட்டி. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நல்ல கூட்டம். தண்ணீர் திடீரென்று பழுப்பாக மாறியது. மேலே பாறை உருளுகிற சத்தம். நிறம் மாறினால் முதலில் விசில், பிறகு கூட்டத்தை வெளியேற்றுவது, கடைசியில்தான் நாங்கள். நான் ஓடினேன். விசில் கழுத்தில்தான் கிடந்தது, கை போகவில்லை. யார் எங்கே நிற்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைகள் இருக்கிற மேட்டில் ஏறி நின்ற பிறகுதான் ஊதினேன்.

ஒரு உயிர்கூடப் போகவில்லை. சரியான நேரத்தில் விசில் கொடுத்தவர் என்று எனக்குப் பாராட்டுச் சான்றிதழ். கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று மேடையில் ஒருத்தர், “தண்ணி வாடைய வச்சே வெள்ளம் வருதுன்னு சொல்லிருவாரு” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

செண்பகத்திடம் சொன்னதில்லை. யாரிடமும்.

டிச. 8, திங்கள்

நல்ல மழை. கப்பல் ரத்தாகுமா என்று டிவியில் மூன்று முறை செய்தி பார்த்தேன். கடலில் ஒன்றும் இல்லையாம்.

காலையில் செண்பகத்துக்குத் தும்மல். எனக்குச் சந்தோஷம் வந்தது. இப்படிப்பட்ட ஆள் நான். மிளகு ரசம் வைத்துக் குடித்து மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டாள்.

சாயங்காலம் எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று அவளிடம்: “ஒனக்கென்னட்டி, போலீஸ்காரருல்லா கூட வாராரு. அருவியவே காத்த மனுசன்.”

செண்பகம் பதில் சொன்னது கேட்கவில்லை. உள்ளே ஆதார் அட்டையை மூன்றாம் முறை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஆதார் தொலைந்தால் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்று ஒரு யோசனை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

டிச. 9, செவ்வாய்

வெயில். நாளை ரயில்.

நான் அடுக்குவது அவளுக்குப் பிடிக்காது. குளித்துவிட்டு வந்து பார்த்தால் என் பெட்டி காலி, துணியெல்லாம் கட்டிலில், நடுவில் டியூப்.

“இது எதுக்கு?”

பேரனுக்கு என்று இவளிடம் சொல்ல முடியாது. பயம் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், வாய் நிற்கவில்லை. இடுப்புத் துண்டோடு நின்றுகொண்டு அன்றைக்கு அருவியில் நடந்தது முழுக்கச் சொன்னேன். தண்ணீர் நிறம் மாறியது, ஓடியது, மேட்டில் ஏறி விசில் அடித்தது. நீ போய் மீனாவோடு சேர்ந்துகொள், நான் வரவில்லை என்றும் சொன்னேன்.

அவள் சட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள்.

“தெரியும்.”

“என்னட்டி தெரியும்?”

“அன்னைக்கு இலத்தூர்லேருந்து எங்கக்கா வந்திருந்தா. ரெண்டு பேரும் குளிக்கப் போனோம். நீங்க வைவியன்னு சொல்லல. பொம்பளைய பக்கந்தான் நின்னேன். நீங்க ஓடுததப் பாத்துத்தான் அக்காவ இழுத்துக்கிட்டு நானும் ஓடுனேன். விசில் பொறவுதான கேட்டுது.”

கட்டிலில் இடம் இல்லை. துணிகள் மேலேயே உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க சொல்லுவியன்னு இருந்தேன்.”

பிறகு, வேட்டி எத்தனை வைக்க என்று கேட்டாள். நாலு என்றேன்.