குடைவேலங்கன்றுக்கு மூன்று ஷிப்ட்

ஏப்ரல் 4, வெள்ளி

வெயில். காலையிலேயே காற்று. சயனைடு மேட்டிலிருந்து தூசி. சுரங்கம் ஓடிய காலத்தில் சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய மண், தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் மலையாகக் கிடக்கிறது. என் மகள் ஜெனிக்கு மறுபடி இழுப்பு. ஆறு வயசுதான். எத்தனை கோடை தாங்குவாள்? நினைக்கவே பயம்.

அந்த மண்ணைப் பிடித்து நிறுத்தத்தான் போன மழையில் மேட்டில் குடைவேலங்கன்று நட்டோம். யோசனை என்னுடையது. காலேஜில் தாவரவியல் நடத்துகிறவள் என்று தெருவே நம்பியது.

வாங்க: இன்ஹேலர், தேங்காய். காஸ் புக் பண்ண வேண்டும்.

ஏப்ரல் 7

மேட்டுக்குப் போனேன். வீடுகளுக்குக் கிட்ட இருக்கிற வரிசையெல்லாம் தளதளவென்று. கடைசி வரிசை மொட்டை. செத்துவிட்டதா? தண்ணீர் இல்லையென்றால் வேலம் இலையை உதிர்க்கும், இலைத்துளையை மூடும், வேரைக் கீழே அனுப்பும். வகுப்பில் மூச்சு விடாமல் சொல்வேன். குச்சியைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை.

பக்கத்து வீட்டு ரோஸி அக்காவிடம் கேட்டேன். வேர் ஆழம் போகட்டும், எப்போதாவது நிறைய ஊற்றிவிட்டுக் காயப்போடுங்கள் என்று சொல்லியிருந்தேன். அவருக்கு மனசு கேட்கவில்லையாம். "பச்சப் புள்ளய யாராச்சும் பட்டினி போடுவாங்களாம்மா?" அப்பாமார் சுரங்கத்துக்குப் போன மாதிரியே தெருவை மூன்று ஷிப்டாகப் பிரித்து, தினமும் ஷிப்டுக்குக் கன்றுக்கு ஒரு சொம்பு. கடைசி வரிசை தூரம், அதனால் விட்டுவிட்டார்களாம்.

மேலேயே ஈரம் கிடைத்தால் வேர் ஏன் இறங்கும்? சொல்லவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

ஏப்ரல் 11

குழாயில் தண்ணீர் இல்லை. பேத்தமங்களா ஏரி வற்றிவிட்டதாம். டேங்கர் தண்ணீர் குடிக்க மட்டும். ஷிப்ட் நின்றது.

கிட்ட வரிசை காலையிலேயே வாடித் தொங்குகிறது. இருக்கிற ஈரமாவது இலை வழியாகப் போகாமலிருக்க இலையெல்லாம் உருவினேன். முள் கிழித்து விரலெல்லாம் ரத்தம். வழியில் ஒருவர், "இன்னா டீச்சர், நட்ட கையாலயே உருவுறீங்க?" சிரித்தார். அடுத்த கன்றுக்கு நகர்ந்தேன்.

ஜெனி ராத்திரி தூங்கவில்லை. பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ரயிலிலிருந்து என் வீட்டுக்காரர் டேனியல் போன். "இந்தத் தூசிய விட்டுட்டு பெங்களூர்ல ஒரு ரூம் பாத்துடலாமா?"

ஏப்ரல் 24

நகத்தால் பட்டையைச் சுரண்டினேன். கிட்ட வரிசை பழுப்பு. அடுத்ததும். அதற்கடுத்ததும். ஒன்றை இழுத்தேன், கீரை மாதிரி கையோடு வந்தது. கடைசி வரிசை மொட்டைக் குச்சி: உள்ளே பச்சை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

திரும்பி வந்தால் வாசலில் ரோஸி அக்கா, இடுப்பில் குடம். "தண்ணி வந்துட்ச்சிம்மா. கடைசி வரிசைக்கும் ஷிப்ட் போட்டுட்டேன்."

"வேணாங்க்கா. தெனமும் சொம்பு சொம்பா ஊத்துனதுலதான் மத்ததெல்லாம் செத்துச்சு."

குடத்தை இறக்கி வைத்தார். "அப்போ நாங்கதான் கொன்னுட்டோமா?"

உள்ளே ஜெனிக்கு இருமல் ஆரம்பித்தது. இன்ஹேலரை எடுக்க ஓடினேன்.