எரியவில்லை என்றால் இரண்டை அழுத்தவும்

அனுப்புநர்
ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர்,
தையல் கடைக்கு மேல் மாடி,
தண்ணீர்த் தொட்டிச் சந்து.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
ஆய்வு நெறிமுறைக் குழு,
இரைப்பை, உணவுக்குழாய் நோய் ஆராய்ச்சி நிலையம்.

பொருள்: அமில எதுக்களிப்புக்கான புதிய மாத்திரை ஆய்வில் இருக்கும் என் தம்பிக்கு உணவு இறங்காமல் இருப்பது குறித்தும், அதை எவரும் கேட்டுப் பதிவு செய்யாதது குறித்தும், அடுத்த கட்டத்துக்கு அவன் கையொப்பமிடும் முன் குழாய்ப் பரிசோதனை செய்ய உத்தரவிடக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பள்ளிப் படிப்பை முடிக்காதவன். லாரி நிற்கும் இடங்களில் கிடைத்த தாளையெல்லாம் படித்து எழுதக் கற்றுக்கொண்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இல்லை. இப்படி ஒரு குழு இருப்பதை எனக்குச் சொன்னவர் யார் என்று தயவுசெய்து கேட்க வேண்டாம். கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

2. எனக்கும் என் தம்பிக்கும் பல வருடங்களாக ஒரே நோய். இரைப்பையில் கிடக்க வேண்டிய அமிலம் மேலேறி வந்து நெஞ்சை எரிக்கும். அவன் தையல்காரன். மெஷினில் குனிந்தாலே புளித்த தண்ணீர் தொண்டைக்கு வந்துவிடும். படுத்தால் இன்னும் மோசம் என்று கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியவன். தங்கள் நிலையத்தில் புதிய மாத்திரையைச் சோதிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து இருவரும் ஒன்றாகவே சேர்ந்தோம். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் மாவு மாத்திரை, யாருக்கு எது என்று கொடுப்பவருக்கே தெரியாது என்றார்கள். அதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. புரிந்துதான் கையொப்பமிட்டோம்.

3. தினமும் காலையில் மாத்திரை போட்ட பிறகு தொலைபேசியில் ஒரு அழைப்பு வரும். பேசுவது ஆள் அல்ல, பதிவு செய்த பெண் குரல். “நெஞ்சு எரிகிறதா? எரிந்தால் ஒன்றை அழுத்தவும். எரியவில்லை என்றால் இரண்டை அழுத்தவும்.” இரண்டை அழுத்தினால் “மகிழ்ச்சி, மாத்திரையைத் தொடரவும்” என்று சொல்லி வைத்துவிடும். வேறு கேள்வி கிடையாது.

4. நான் விடாமல் ஒன்றையே அழுத்தினேன். எரிந்தது, அழுத்தினேன். அதன் பலனாக என்னைக் கூப்பிட்டுத் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் புண் இருந்தது. பழைய மருந்தையே அளவு கூட்டிக் கொடுத்து, ஆய்விலிருந்து விடுவித்து அனுப்பினார்கள். இன்று நன்றாக இருக்கிறேன். அதற்காக நிலையத்துக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். இதை மறைத்துவிட்டுப் புகார் எழுதுவது நியாயமில்லை.

5. தம்பிக்கு எரிச்சல் அடியோடு நின்றுவிட்டது. கட்டிலில் காலை நீட்டிப் படுத்தான். மெஷினில் குனிந்து பாடிக்கொண்டே தைத்தான். அவன் பாட்டு சகிக்காது, இருந்தாலும் கேட்டுக்கொண்டிருந்தோம். அண்ணனுக்கு மாவு மாத்திரைதான் கிடைத்திருக்கிறது என்று சந்தெல்லாம் சொல்லிச் சிரித்தான். சாப்பாட்டில் கொஞ்சம் நிதானமாக இரு என்று நான் சொன்னபோது அவன் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “அண்ணே, எனக்கு நெஞ்செரிச்சல் போயிடுச்சு. அது நேரா உன்கிட்ட வந்து வயித்தெரிச்சலா உக்காந்துக்கிச்சு.” கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

6. பிறகு அவன் தன் பேண்ட்டையே பிரித்து இடுப்பில் பிடித்துத் தைக்க ஆரம்பித்தான். முதல் முறை, மாப்பிள்ளை போல ஆகிவிட்டேன் என்றான். மறுபடியும் பிரித்துப் பிடித்தான். அதற்குப் பிறகு இன்னொரு முறையும். இப்போது பின்பக்கத்துப் பைகள் இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஐயா, ஊரில் எல்லோர் இடுப்பையும் நாடா வைத்து அளக்கிறவன் தன் இடுப்பை மட்டும் அளக்காமல் குத்துமதிப்பாகவே தைத்துக்கொள்கிறான். தொழில் தெரிந்தவன் ஏன் அளக்க மறுக்கிறான் என்பதைத் தாங்கள் யோசிக்க வேண்டும்.

7. சோறு அவனுக்கு இறங்குவதில்லை. ஒரு கவளம் போட்டதும் நடு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பான். தண்ணீர் குடித்துத் தள்ளுவான். என்னடா என்று கேட்டால், “எரியலண்ணே, லேசா அடைக்குது, அவ்ளோதான்.” அவன் மனைவி சோற்றைக் குழைத்துக் கொடுத்தாள். பிறகு கஞ்சியாக்கினாள். அதையும் இப்போது வடிகட்டித்தான் கொடுக்கிறாள். “மாமா, அவருக்குத் தெரியாம வடிகட்டறேன். தெரிஞ்சா, என்னை நோயாளி ஆக்காதேன்னு கத்துவாரு” என்று என்னிடம் சொன்னாள்.

8. மாதாந்திரப் பரிசோதனைக்கு அவனுடன் நானும் வந்தேன். கையில் ஒரு சிறு கணினியை வைத்துக்கொண்டு நர்ஸ் கேள்வி கேட்டார். தம்பி உள்ளதைத்தான் சொன்னான்: “எரியலம்மா. சாப்பிட்டா அடைக்குது.” அதற்கு அவர், “எரியுதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க ஐயா. அடைக்குதுன்னு போட இதுல இடமே இல்ல” என்றார். தம்பியும் உடனே, “அப்போ இல்லைன்னு போடுங்கம்மா” என்று எழுந்துவிட்டான். பள்ளியில் எப்போதும் தோற்றவன். இங்கேதான் முதல் முறையாக எல்லோரும் அவனைத் தேறிவிட்டாய் என்கிறார்கள்.

9. நான் ஆய்வு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று நடைபாதையில் நின்றேன். போகச் சொன்னார்கள், போகவில்லை. கடைசியில் வந்தார். எடை குறைவது இந்த நோய்க்கு நல்லதுதான் என்றார். குழாய் விட்டுப் பாருங்கள் என்றேன். எரிச்சல் குறையாதவர்களுக்குத்தான் அந்தப் பரிசோதனை, குணமாகிறவர்களுக்குத் திட்டத்தில் இல்லை என்றார். வெளியே வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். அப்படிப் பார்த்தால் ஆய்விலிருந்து நீக்க வேண்டிவரும் என்றார். பிறகு, “பெரியவரே, நீங்க இப்ப ஆய்வுலயே இல்லையே?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் கேட்டது சரிதான். நான் ஆய்வில் இல்லை. அதனால்தான் உயிரோடு நின்று கேட்க முடிகிறது.

10. மேலே கடைசி வரியைக் கோபத்தில் எழுதவில்லை. காரணம் இருக்கிறது. எங்களோடு சேர்ந்தவர்களில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். காத்திருக்கும் அறையில் ஜன்னலோர நாற்காலி அவருடையது, யாரையும் உட்கார விட மாட்டார். “எரிச்சல் போச்சு, ஆனா இட்ட சோறு இங்கயே நிக்குதுப்பா” என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டியது அவர்தான். தம்பிக்கு முன்பே சொன்னார். கடந்த முறை அந்த நாற்காலி காலியாக இருந்தது. கேட்டேன். “அவரு விலகிட்டாருங்க” என்றார்கள்.

11. விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். இறந்து போயிருந்தார் வாத்தியார். “எரிச்சல் சுத்தமா போயிடுச்சுன்னு அவ்ளோ சந்தோஷமா இருந்தாருங்க. ஒரு நாள் தண்ணிகூட இறங்கல. பெரிய ஆஸ்பத்திரியில குழாய் விட்டாங்க. உள்ள பாதையே இல்ல, கட்டி முழுசா மூடியிருக்குன்னாங்க” என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பியவர், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, “ஆனா கடைசி வரைக்கும் எரியலைங்க” என்றும் சொன்னார்.

12. அந்த மாத்திரைதான் கட்டியைக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்குப் படிப்பும் இல்லை, அத்தாட்சியும் இல்லை. கட்டி முன்பே இருந்திருக்கலாம். எரிச்சல் இருந்திருந்தால் என்னைப் போல அவரும் ஒன்றை அழுத்தியிருப்பார், குழாய் விட்டுப் பார்த்திருப்பார்கள். எரிச்சலின் வாயை மாத்திரை அடைத்துவிட்டது. நாய் குரைக்கவில்லை என்பதற்காகத் திருடன் வரவில்லை என்று வீட்டுக்காரன் தூங்கலாமா? அந்த அறையில் இன்னும் பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். எத்தனை பேர் மெதுவாகச் சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

13. வருகிற திங்கட்கிழமை தம்பி அடுத்த கட்டத்துக்குக் கையொப்பமிடப் போகிறான். அளவு கூட்டிய மாத்திரை என்கிறார்கள். நன்றாகத் தேறியவர்களை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். அதற்குப் போட்டுக்கொள்ள ஒரு புதுச் சட்டை தைத்து வைத்திருக்கிறான். நான் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். “வாத்தியாருக்கு வயசாச்சு. உனக்கும் வயசாச்சு. போய்ப் படு” என்கிறான். அண்ணன் பேச்சை அவன் கேட்க மாட்டான். தங்கள் நிலையம் சொன்னால் தலைகீழாகவும் நிற்பான். ஆகவே தாங்கள் சொல்ல வேண்டும்.

14. நான் கேட்பது இழப்பீடு அல்ல, யார் மீதும் நடவடிக்கையும் அல்ல. என் தம்பி கையொப்பமிடும் முன் அவனுக்குக் குழாய் விட்டுப் பார்க்க உத்தரவிடுங்கள். இது ஆய்வின் ஒரு பகுதி என்று சொல்லியே கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் வர மாட்டான். வாத்தியார் விலகவில்லை, இறந்தார் என்று திருத்தி எழுதுங்கள். அந்தத் தொலைபேசிக் குரலில் “விழுங்க முடிகிறதா?” என்று இன்னொரு கேள்வியைச் சேருங்கள். அதற்கு ஒரு எண் ஒதுக்குவது பெரிய காரியமில்லை என்று நம்புகிறேன்.

15. இந்த மனுவை நேற்றே எழுதி முடித்துவிட்டேன். இன்று காலை தம்பி மனைவி மாடிப்படி ஏறி வந்து சொன்னதையும் சேர்த்துத் தர வேண்டியிருப்பதால் இந்தப் பத்தி. இன்று அவனுக்கு மாத்திரையே இறங்கவில்லை. இரண்டு தடவை போட்டு, இரண்டு தடவையும் வெளியே வந்துவிட்டது. ஆய்வுக்குத் துரோகம் செய்யக் கூடாது என்று அதைக் கரண்டியால் நசுக்கி, தண்ணீரில் கரைத்து, சொட்டுச் சொட்டாகக் குடித்திருக்கிறான். குடித்து முடிப்பதற்குள் தொலைபேசி அடித்திருக்கிறது. நெஞ்சு எரிகிறதா என்று குரல் கேட்டிருக்கிறது.

இரண்டை அழுத்தினானாம்.

பதில் கிடைக்கும் வரை இங்கேயே இருப்பேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
தையல்காரரின் அண்ணன்

(கைநாட்டு)
தையல்காரரின் மனைவி, கணவருக்குத் தெரியாமல்

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: தங்கள் அலுவலகத்தின் வெளிவாசல்